பத்துச் சாதகங்களும் இரண்டு கேள்விகளும்

கொழும்பு வெள்ளவத்தையில், பாமன்கடை ஒழுங்கையில், 'திருவல்லா' என்ற பெயர் தாங்கிய வீடு ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் அதிலே வாழ்ந்தார். அற்புத சக்தி தமக்கு உண்டு என்போர் எவராயினும், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அதனைச் செய்து காட்டினால் ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். அக்காலத்து ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை நினைத்துப் பார்ப்போர்க்கு அத்தொகையின் பருமன் விளங்கும். சாமியார்களையும் மந்திரவாதிகளையும் நோக்கி எழுந்த அந்த அறைகூவல், சோதிடரையும் கைரேகை பார்ப்போரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு அவர் வைத்த சோதனையே இங்கு நமது ஆராய்ச்சிக்குரிய பொருள்.

சோதனை மிக எளிது. பத்துப் பேரின் சாதகங்கள் தரப்படும். பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் திருத்தமாக இருக்கும். பிறந்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் குறிக்கப்பட்டிருக்கும். சோதிடர் பலன் சொல்ல வேண்டியதில்லை. குணம் உரைக்க வேண்டியதில்லை. பரிகாரம் காட்ட வேண்டியதில்லை. இரண்டே கேள்விகளுக்கு விடை தந்தாற் போதும். இவருள் ஆண் யார், பெண் யார்? உயிரோடு இருப்பவர் யார், இறந்தவர் யார்? நூற்றுக்கு ஐந்து வீதம் பிழையும் பொறுக்கப்படும்.

கேட்டவர் ஆபிரகாம் தோமஸ் கோவூர். 1898ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்தவர். மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகன். கல்கத்தா வங்கவாசிக் கல்லூரியிலே பயின்றவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை பரி. தோமையர் கல்லூரி, கொழும்பு தேஸ்டன் கல்லூரி என்று ஊர் ஊராகப் படிப்பித்து, 1959இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னரே அவருடைய பகுத்தறிவுப் பணி வேகங்கொண்டது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இறக்கும் வரை இருந்தார். பேய் பிடித்த வீடுகளுக்கும் மறுபிறவி பேசும் குழந்தைகளுக்கும் பின்னாலே சென்று அவர் எழுதிய குறிப்புகளுள் ஒன்று 'புனர்ஜன்மம்' என்ற பெயரில் 1972இல் மலையாளத்திலும், 'மறுபிறவி' என்று 1973இல் தமிழிலும் திரைப்படமாயிற்று.

அவருடைய சோதனை கடுமையானது என்று குறைகூறுவோர் உண்டு. கணக்குத் தெரிந்த மாணவர் இதனைத் தாமே ஆராயலாம். பத்துச் சாதகத்துக்கு இரண்டு கேள்வி வீதம் இருபது விடைகள். இருபதில் ஒன்று பிழைத்தாலும் பரிசுண்டு என்று கொண்டால், காசைச் சுண்டிப் போட்டு விடை சொல்பவன் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 50,000இல் ஒன்று. குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பி வருபவனுக்கு இது கடுமைதான். ஆனால் எட்டாம் வீட்டை ஆயுள் ஸ்தானம் என்று கூறி, மரணம் எந்தத் திசையில் எந்தப் புத்தியில் வரும் என்று ஆண்டுக் கணக்காக எழுதிக் கொடுப்பவருக்கு இதிலே என்ன கடினம் இருக்க முடியும்? தம் அன்றாடத் தொழிலைத்தானே அவர் செய்து காட்டும்படி கேட்கப்பட்டார்! கோவூர் கண்மூடிய நாள் வரை அப்பரிசை வென்றவர் ஒருவரும் இலர்.

ஆளைப் பாராமற் சாதகத்தை மட்டும் பார்த்துச் சொல்வது முறையன்று என்பது சோதிடர் தரப்பின் விடை. இவ்விடையிலே பெரியதோர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஆளைப் பார்த்தால் நாமும் சொல்வோம். வந்தவளின் கழுத்தில் தாலி உண்டா, காலிற் செருப்பு உண்டா, வந்தது காரிலா 'பஸ்'ஸிலா, பேச்சு வடமராட்சியா மட்டக்களப்பா, கேட்குமுன் கண் கலங்கினாளா என்பவற்றைப் பார்த்தவனுக்கு, அவள் கொண்டுவந்த கொப்பியில் உள்ள பன்னிரண்டு கட்டங்கள் எதற்கு? 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் உளவியலாசிரியர் பேட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கும் தனித்தனியே குணக்குறிப்பு எழுதிக் கொடுப்பதாகக் கூறி, எல்லாருக்கும் ஒரே தாளையே கொடுத்தார். தமக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஐந்துக்கு நாலுக்கும் மேலாக அவர்கள் சராசரியாகப் புள்ளி போட்டார்கள். அத்தாளின் வாக்கியங்கள் கடைத்தெருச் சோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

கோவூரின் கேள்வி புதியதும் அன்று. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அகுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஞானி, தாம் இளமையில் நம்பிய சோதிடத்தைத் தாம் கைவிட்ட வரலாற்றைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவனும் அடிமைப் பெண்ணொருத்தியின் பிள்ளையும் ஒரே கணத்திற் பிறந்தனர். இரண்டு வீட்டாரும் ஆளனுப்பி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தும் சாதகத்தில் இம்மியளவும் வேறுபாடு காண முடியவில்லை. முதல்வன் செல்வனாகவே வளர்ந்தான். மற்றவன் அடிமையாகவே உழைத்தான். வானம் ஒன்றே, வீடு இரண்டு. இந்த ஒரு கதையிலே சமுதாய விஞ்ஞானத்தின் முதற்பாடம் அடங்கியிருக்கிறது எனலாம். அதைச் சொன்னவர் அந்தப் பாடத்தைப் படிக்காமற் கடவுளின் சித்தத்துக்குப் போய்விட்டார் என்பது வேறு விடயம்.

நம் காலத்திலும் சோதனைகள் நடந்துள்ளன. ஒரு சாதகத்துடன் மூன்று குணக்குறிப்புகளை வைத்து, சாதகக்காரருடையது எது என்று கண்டுபிடிக்குமாறு சோதிடரைக் கேட்டார் ஷோன் கார்ல்சன். மூன்றில் ஒன்றுதான் சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கிடைக்கக் கூடிய அளவு அது. 1985ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. இந்தியச் சோதிடத்தை அன்னிய அளவுகோலால் அளக்கலாகாது என்பாருக்காக, வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் மகாராட்டிரத்தில் 2008இல் வேறொரு சோதனை நடத்தினார். படிப்பிற் சிறந்த நூறு பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களிலிருந்து ஆளுக்கு நாற்பதாகக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். விடையனுப்பிய 27 சோதிடர்களின் சராசரி நூற்றுக்கு 46. அந்தச் சோதனைக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் நரேந்திர தாபோல்கர். 2013 ஓகஸ்ட் 20ஆம் நாள் புனே நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வானத்தைப் பற்றியே சோதிடர்க்குள் உடன்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூமியின் அச்சு மெல்லச் சுழலுவதால், இரவும் பகலும் சமமாகும் புள்ளி ஆண்டுதோறும் பின்வாங்குகிறது. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக இந்த விலக்கம் சேர்ந்து இன்று 24 பாகையளவு ஆகிவிட்டது. மார்ச்சு 21ஆம் நாளில் மேல்நாட்டுச் சோதிடனுக்கு மேடம் பிறக்க, நமக்கு ஏப்பிரல் நடுவிலே சித்திரை பிறப்பது இதனாலேதான். ஏப்பிரல் 10ஆம் நாள் பிறந்த கோவூர் மேல்நாட்டுக் கணக்கில் மேடத்துக்காரர். நம் கணக்கிற் பங்குனியில், மீனத்துச் சூரியனோடு பிறந்தவர். ஆட்டின் குணம் அவருக்கா, மீனின் குணம் அவருக்கா? இதுவும் போதாதென்று, யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் கூறத் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைக் கூறுகிறது. வருடப் பிறப்புப் புண்ணிய காலத்துக்கே இரண்டு மருத்துநீர்! விஞ்ஞானி மேகநாத சாகாவின் தலைமையில் இந்திய அரசு 1952இல் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது. கோயிலிலும் வீட்டிலும் பழைய வழக்கமே நிலைத்தது. புதிய ஆத்திசூடியிலே சோதிடத்தை இகழச் சொன்ன பாரதி, வானநூலைப் பயிலவும் சொன்னான். நாம் இரண்டையும் செய்தோமில்லை.

1962ஆம் ஆண்டு பெப்ருவரித் தொடக்கத்தில் மகர ராசியிலே எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று இந்தியாவெங்கும் யாகங்கள் நடைபெற்றன. எட்டாவதான கேது ஒரு கோளே அன்று. சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டும் ஒரு புள்ளி. உலகம் அழியவில்லை. இலங்கையிலோ, கிரகங்கள் கூடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, சனவரி 27ஆம் நாள், இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் கூடி அரசைக் கவிழ்க்க முனைந்தார்கள். அந்தச் சதியை வெளிப்படுத்தியது பஞ்சாங்கமன்று. சதியிற் சேருமாறு அழைக்கப்பட்ட பொலிஸ் அதிகாரி ஒருவரின் வழியாகவே அது வெளிப்பட்டது.

இவை சிரிப்புக்குரியவை. சிரிப்புக்கு இடமில்லாத பகுதி கலியாணத்திலே தொடங்குகிறது.

செவ்வாய் தோஷத்தை எடுத்துக் கொள்வோம். இலக்கினத்திலிருந்து எண்ணி இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய வீடுகளுள் ஒன்றிற் செவ்வாய் நின்றால் தோஷம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து! அதாவது பிறக்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்விதியாற் குற்றவாளிகளாகவே பிறக்கின்றனர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்று கொண்டால், தப்புபவர் ஐந்தில் ஒருவரே. எனவே விதிவிலக்குகள் வேண்டும். விலக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சாத்திரியார் வேண்டும். ஆண்களுக்கும் இதே கணக்குத்தான்; ஆனால் வயது ஏறுகிறது என்று அயலவர் எண்ணுவது பெண்ணின் வயதையே.

வெள்ளவத்தையில் சம்பந்தம் பேசும் முறையை அறிந்தோர்க்கு இன்னொன்றும் தெரியும். முதலில் குறிப்புக் கைமாறும். பிறகு வேறு விசாரணைகள் நடக்கும்: வளவு எவ்வளவு, வீடு எவர் பெயரில், சகோதரர் வெளிநாட்டில் உண்டா, 'ஆக்கள்' எப்படி. விசாரணையின் முடிவு சரியில்லையாயின், "குறிப்புப் பொருந்தவில்லை" என்று சொல்லியனுப்புவார்கள். சீதனம் போதவில்லை என்றோ, சாதி குறைவென்றோ முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற சமூகம், அந்தப் பழியைச் சனிக்கும் செவ்வாய்க்கும் மேலே ஏற்றிவிடுகிறது. சீதனம் நிறையுமிடத்துப் பொருத்தம் எட்டிலிருந்து ஏழாகவோ ஆறாகவோ குறைந்தாலும் கலியாணம் நடந்தேறுவதையும் காண்கிறோம். ஆகவே சாதகம் மனிதரைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை என்று கூறுவது பிழை. அது சாதகக்காரரைப் பற்றிச் சொல்லாது. பார்ப்பவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

ஆயுளைப் பற்றிய கதையும் இத்தகையதே. 1946ஆம் ஆண்டு இலங்கையிலே உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 141 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அடுத்த ஆண்டு அத்தொகை 101. ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு நாற்பது குழந்தைகளின் எட்டாம் வீடு திருத்தப்பட்டுவிட்டதா? டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்தது, மருத்துவமனைகள் பெருகின, பங்கீட்டு அரிசி ஏழை வீட்டை எட்டியது. தோட்டங்களிலே லயத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நன்மையிலும் குறைந்த பங்கே கிடைத்தது. அங்கே குழந்தைச் சாவு நாட்டின் பொது அளவை விட நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. லயத்துக்கு மேலே இருந்த வானம் வேறு வானமா?

கோவூரை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவரிடம் ஒரு குறை காண்கிறோம். ஏமாற்றுபவனை அவர் நன்கு அறிந்திருந்தார். ஏமாறுபவளின் வீட்டுக்குள் அவ்வளவு தூரம் அவர் நுழையவில்லை. அறியாமையே எல்லாவற்றுக்கும் காரணமென்று அவர் நம்பினார். கற்றவர் சோதிடம் பார்ப்பதில்லையா? 2014 நவம்பரில், பதவிக்காலம் ஏறத்தாழ இரண்டாண்டு எஞ்சியிருக்கவே சனாதிபதித் தேர்தலை அறிவித்த மகிந்த ராசபக்சவுக்குக் கல்வியறிவு இல்லையா, புலனாய்வுத் துறை இல்லையா? அவருடைய சோதிடர் வெற்றி நிச்சயம் என்று பகிரங்கமாகக் கூறினார். 2015 சனவரி 8ஆம் நாள் அவர் தோற்றார். நாளையை அறிய வழியில்லாதவன் சோதிடனிடம் போகிறான். நாளையைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்க மனமில்லாதவனும் போகிறான். கொட்டாஞ்சேனையில் துறைமுக நாட்கூலிக்கு வேலை உண்டோ இல்லையோ என்று விடிந்தால்தான் தெரியும் என்றிருந்த வீட்டில், விடியலுக்கு முன்னே ஏதாவது தெரிந்துகொள்ள விரும்பியதை மூடத்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

இன்னொன்றையும் வரலாறு நமக்குக் காட்டியது. பிறந்த நாளும் பிறந்த இடமும் மனிதனின் விதியை உண்மையாகவே நிர்ணயித்த காலம் ஒன்றை இதே தெருக்கள் கண்டன. அதனை எழுதியது கிரகமன்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதன் முதல் அத்தியாயம். இலங்கையிற் பிறந்திருந்தாற் போதாது என்றது அச்சட்டம். தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பாட்டனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குத் தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். கணக்கு ஒருவாறு தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது அத்தியாயம், 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை. அதன் இலக்கத்தின் முதற்பகுதி பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். ஆகவே 500க்கு மேற்பட்டால் பெண். கோவூரின் முதற் கேள்விக்கு எந்தச் சாதகமும் தராத விடையை, பொலிஸ்காரன் எவனும் அட்டையைப் பார்த்த கணத்திலே சொல்லிவிடுவான்! அட்டையிற் பிறந்த இடமும் இருந்தது. போர்க்காலத்துச் சோதனைச் சாவடியிலே பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றோ கிளிநொச்சி என்றோ இருந்துவிட்டால், அந்த இளைஞனுக்கு அன்றைய பலன் என்னவென்று சொல்லச் சாத்திரியார் வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளிற் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர் எழுப்பப்பட்டு 'பஸ்'களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மருந்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், கலியாணத்துக்கு வந்தவர் எல்லாரும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஒரே இராசிக்காரரா அவர்கள்? பிறந்த இடம் என்ற ஒரே கட்டத்திலே ஒன்றுபட்டவர்கள்.

கோவூர் இதைக் காண இருக்கவில்லை. 1978 செப்டெம்பர் 18ஆம் நாள் அவர் கொழும்பிலே காலமானார். கண்களை இன்னொருவர்க்கும், உடலை மருத்துவக் கல்லூரிக்கும், என்புக்கூட்டைத் தாம் படிப்பித்த தேஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்கும் உரிமையாக எழுதி வைத்தார். என்பைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். வயதைப் பற்களும் எலும்பு மூட்டுகளும் சொல்லும்.

அவர் மறைந்தபின் அவருடைய இரண்டாவது கேள்வி இந்நாட்டில் வேறு வாய்களிலிருந்து எழுந்தது. உயிரோடு இருக்கிறானா, இறந்துவிட்டானா? விடுதிகளிலிருந்தும் வீதிகளிலிருந்தும் கொண்டு செல்லப்பட்டவர்களின் தாய்மார், போரின் இறுதியிற் கையளித்த பிள்ளையைத் திரும்பக் காணாத தாய்மார், அக்கேள்வியை முதலிற் பொலிஸ் நிலையத்திற் கேட்டார்கள், பிறகு முகாமில், பிறகு ஆணைக்குழுவில். எங்கும் விடை கிடைக்காமற் கடைசியிலே குறிப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போனார்கள். "இருக்கிறான்" என்று அவர் சொன்னார். இதனை மோசடி என்று எழுதுவதற்கு முன் நாம் சிறிது தயங்குகிறோம். விடை தெரியாத ஒருவர் விடை சொன்னார். விடை தெரிந்தவர்கள் வாய்திறக்கவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ருவரியிலே தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. 2018இலே காணாமற் போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது.

யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தருகே, 2025ஆம் ஆண்டு நடைபெற்ற அகழ்விலே இருநூற்றுக்கு மேற்பட்ட என்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் என்புகளும் அவற்றுள் இருந்தன; பள்ளிக்கூடப் பை ஒன்றும் இருந்தது. ஓகஸ்ட் 5ஆம் நாள், மண்ணிலிருந்து எடுத்த உடைகளும் பொருள்களும், எவருக்காவது அடையாளந் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வரிசையாக வைக்கப்பட்டன. தாய்மார் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.